இஞ்சிப்பாகும் இயாமிடேயின் மூக்கும்

கிஸ்ஸி ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டில் விசேஷம் என்றால், பந்தல்காரனுக்குச் சொல்வதற்கு முன்னால் இயாமிடே டெக்கரிடம் இஞ்சிப்பாகுக்குச் சொல்லிவிடுவார்கள். கல்யாணமோ, ஞானஸ்நானமோ, இறந்தவர்களுக்குப் படைக்கிற விருந்தோ, எதுவானாலும் ஃப்ரீடவுனில் இஞ்சி பீர் இல்லாமல் நடக்காது. பெயரில்தான் பீர், போதகரும் இரண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிப்பார். இயாமிடேயின் பாகில் தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் கலந்தால் அந்த பீர் தயார். கலக்காமல் அப்படியே வாழைப்பழ அப்பத்தின் மேலோ புட்டிங்கின் மேலோ ஊற்றினால், தட்டை வழித்து நக்குவதற்குப் பெரியவர்களே வெட்கப்பட மாட்டார்கள்.

அவள் செய்கிற முறையில் ரகசியம் ஒன்றுமில்லை. இஞ்சியை ஊறவைத்துத் தோல் சுரண்டி உரலில் இடிப்பாள். துணியில் கட்டிப் பிழிந்த சாற்றை அசைக்காமல் வைத்தால் அடியில் வெள்ளை மாவு படியும். அதைக் கலக்காமல் மேலாக இறுத்து, சர்க்கரையும் கிராம்பும் எலுமிச்சைத் தோலும் போட்டுக் காய்ச்சுவாள். தெருவில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் செய்கிறார்கள். அவளுக்கு மட்டும் பாகு ஏன் அப்படி வருகிறது என்று கேட்டால் எல்லோரும் மூக்கைத் தொட்டுக் காட்டுவார்கள். இஞ்சியின் பச்சை நெடி போய், கிராம்பு மேலே ஏறி வருகிற அந்த நொடியை அவள் மூக்கு பிடித்துவிடும். உடனே சட்டியை இறக்குவாள். சந்தையில் இஞ்சியை ஒரு தடவை மோந்து பார்த்து, "இது லாரியில நனைஞ்ச சரக்கு" என்று சொல்லிவிட்டு நடப்பாள். வியாபாரிகள் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "மூக்கை வீட்டுல கழட்டி வச்சிட்டு வாங்க தாயி!" என்பார்கள்.

அந்த மழைக்காலத்தில் ஊரெல்லாம் காய்ச்சல். இயாமிடேயும் படுத்தாள், எழுந்தாள். எழுந்த அன்று காபி குடித்தபோது வெந்நீரில் சர்க்கரை போட்டதுபோல இருந்தது. காபித்தூள் பழையது என்று நினைத்தாள். பிறகு ஏதோ தோன்றி கிராம்பு டப்பாவைத் திறந்து மூக்கை உள்ளே நுழைத்தாள். தகரத்தின் குளிர்ச்சிதான் தெரிந்தது. எலுமிச்சையைக் கீறிப் பார்த்தாள். கருவாட்டுப் பானையைத் திறந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. இஞ்சியை வாயில் போட்டுக் கடித்தாள். நாக்கு எரிந்தது, கண்ணில் நீர் வந்தது, ஆனால் வாசனை இல்லை. இனிப்பு தெரிந்தது, காரம் தெரிந்தது. நடுவில் இருந்த இஞ்சிதான் இல்லை.

மருத்துவமனை நர்ஸ், "சிலருக்குத் திரும்ப வரும், வந்தாலும் முதல்ல தப்பும் தவறுமாத்தான் தெரியும். சிலருக்கு வராது. காத்திருங்க" என்றாள். இயாமிடே யாரிடமும் சொல்லவில்லை. புருஷன் வில்மட் போய்ச் சேர்ந்து பல வருஷம். தனி ஆள். ஊரில் அவளுக்கு இருக்கிற பெயர் அந்த மூக்கால் வந்தது. மூக்கு போய்விட்டது என்று தெரிந்தால் யார் பாகு வாங்குவார்கள்? கண் தெரியாத டிரைவர் வண்டியில் யார் ஏறுவார்கள்? அதைவிடப் பெரிய பயம் கிளாரிஸ்.

கிளாரிஸ் வில்மட்டின் தங்கை. விசேஷ வீடுகளில் சமையலை மேற்பார்வை பார்ப்பவள். பத்துப் பெண்களை ஒரே அதட்டலில் வேலை வாங்குவாள். வில்மட் தூக்கத்திலேயே மூச்சு நின்று இறந்தான். அடக்கத்துக்கு வந்த கூட்டத்தின் நடுவில், "பக்கத்துல படுத்திருந்தவளுக்கு எப்படித் தெரியாமப் போகும்?" என்று கேட்டவள் கிளாரிஸ். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு நின்றது. விசேஷ வீட்டில் ஒருத்தியின் பாகு வரும், இன்னொருத்தியின் சோறு வரும். முகம் பார்க்காமலே இரண்டும் பந்திக்குப் போகும்.

மூக்கு போன பிறகும் இயாமிடே காய்ச்சினாள். நுரையின் நிறத்தைப் பார்த்தாள். கொதிக்கிற சத்தம் தடித்துப் போவதைக் காதால் கேட்டாள். விரல்களுக்கு நடுவில் தொட்டுக் கம்பி இழுத்துப் பார்த்தாள். குறை சொன்னவர் யாருமில்லை. ஆனால் அடுப்பை விட்டு நகர அவளால் முடியவில்லை. அடி பிடித்தால் தெரியாது. கண்ணால் புகையைப் பார்த்தால்தான் உண்டு. சாப்பாட்டை மறந்து சட்டியையே பார்த்துக்கொண்டு நிற்பாள். யாராவது வந்தால் முதல் வேலையாகச் சட்டிக்கு மேல் குனிந்து நன்றாக மூச்சை இழுத்து, "ம்ம்" என்பாள். அந்த நடிப்பு அவளுக்கே பழகிவிட்டது.

மெட்ஸ்கர் அம்மாவின் பெண் எபுனுக்குக் கல்யாணம் வந்தது. பெரிய கல்யாணம். வில்பர்ஃபோர்ஸ் மேட்டில் மண்டபம். பாகு நிரப்ப இயாமிடேயிடம் இருந்த மஞ்சள் கேன்கள் போதவில்லை. பக்கத்து வீட்டு ரமாட்டு ஒரு கேன் கொண்டு வந்து கொடுத்தாள்.

"நல்லாக் கழுவிட்டேன் அக்கா. எதுக்கும் ஒரு தடவை பாத்துக்கங்க."

ரமாட்டு எதிரிலேயே நின்றாள். இயாமிடே மூடியைத் திறந்தாள், கேன் வாயில் மூக்கை வைத்தாள், மூச்சை இழுத்தாள்.

"ம்ம். சரியா இருக்கு" என்றாள்.

கல்யாணத்தன்று காலையில் மெட்ஸ்கர் வீட்டு வேன் வந்து கேன்களை ஏற்றிக்கொண்டு போனது. இயாமிடே குளித்து, கல்யாணத்துக்கு வரும் பெண்கள் எல்லோரும் ஒரே துணியில் தைத்துக்கொண்ட ஊதாப்பூப் போட்ட கவுனை உடுத்தி, தலைத்துணி கட்டி, கோயிலுக்குக் கிளம்பினாள். பின்கதவைப் பூட்டப் போனவள் தாழ்வாரத்தைப் பார்த்தாள்.

கேன்கள் வரிசையாக நின்ற இடத்தில் பாகு வழிந்து சிமெண்டில் வட்டம் வட்டமாகப் பிசுபிசுத்திருந்தது. வட்டங்களில் எறும்பு மொய்த்துக் கறுத்துக் கிடந்தது. ரமாட்டுவின் கேன் நின்ற கடைசி வட்டத்தில் மட்டும் ஒரு எறும்புகூட இல்லை. பாகு அதிலும் மினுமினுத்தது. எறும்பு வரிசை அதன் கிட்டே வந்து, வளைந்து, ஒதுங்கிப் போனது.

இயாமிடே குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். இனிப்பு. காரம். அவ்வளவுதான். குனிந்து மூக்கைத் தரைக்குக் கொண்டுபோனாள், கவுன் அழுக்காவதைப் பார்க்காமல். ஒன்றுமில்லை.

வேலிப் பக்கம் போய்க் கத்தினாள். "ரமாட்டு! ஏ ரமாட்டு!"

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ரமாட்டு எட்டிப் பார்த்தாள். "என்ன அக்கா, இன்னும் போகலையா? அழகா இருக்கீங்க."

"அந்தக் கேன்ல முன்னாடி என்ன வச்சிருந்தீங்க?"

"மண்ணெண்ணெ. அதான் சோப்புப் போட்டு வெந்நீர் ஊத்திக் கழுவினேனே. ஏன்?"

இயாமிடே வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானே அக்கா மோந்து பாத்தீங்க!" ரமாட்டுவின் குரல் உயர்ந்தது. "எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு. உங்க மூக்கே சரின்னு சொன்னப்புறம் நான் யாரு?"

பதில் சொல்ல நேரமில்லை. மெட்ஸ்கர் அம்மாவுக்குப் போன் போட்டாள். கோயிலில் இருப்பாள் போல, அணைத்து வைத்திருந்தாள். மண்டபத்தில் சமையலைப் பார்த்துக்கொண்டு இருப்பது ஒருத்திதான். கிளாரிஸின் எண் இன்னும் போனில் இருந்தது.

"யாரு?" என்றது அந்தக் குரல்.

"நான்தான். இயாமிடே. கிளாரிஸ், அந்தக் கேனை..."

"ஓஹோ! அண்ணியா? இத்தனை வருஷம் கழிச்சு என் நம்பர் ஞாபகம் வந்திருச்சா? எதுவா இருந்தாலும் நேர்ல வந்து பேசு. எனக்கு இங்க தலைக்கு மேல வேலை." போன் வைக்கப்பட்டது. திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை.

தெருமுனையில் பைக் டாக்சிக்காரர்கள் நின்றார்கள். அவள் பைக்கில் ஏறியதே கிடையாது. முதலில் நின்ற சோரி என்கிறவன் தன் ஹெல்மெட்டைக் கழற்றி அவளிடம் நீட்டினான். அது தலைத்துணிக்கு மேல் இறங்கவில்லை. மணிக்கணக்கில் மடித்துக் கட்டிய துணியை ஒரே இழுப்பில் அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"வில்பர்ஃபோர்ஸ் மேடு. வேகமாப் போ."

"கல்யாணமா அம்மா? பொண்ணு நீங்க இல்லையே, எதுக்கு இவ்வளவு அவசரம்?"

"வாயை மூடிட்டு ஓட்டு."

"வாயை மூடினா எனக்கு ஓட்ட வராதும்மா. இறுக்கிப் பிடிச்சுக்கங்க. என் வண்டியில இருந்து விழுந்தவங்க ஒருத்தரும் புகார் சொன்னதில்ல."

மணிக்கூண்டுப் பக்கம் லாரிகளும் மினிபஸ்களும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நின்றன. நகரத்தின் நடுவே பைக்கை விடமாட்டார்கள் என்று சோரி சந்துகளில் புகுந்தான். மீன் விற்கிறவளின் கூடையை உரசி, சாக்கடையைத் தாண்டி, யாரோ வீட்டுத் துணிக்கொடிக்குக் கீழே குனிந்து போனான். இயாமிடே கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் மண்டபம் தெரிந்தது: வெள்ளைக் கவுனில் எபுன், கையில் டம்ளர். குழந்தைகள் முதலில் ஓடிவந்து குடிக்கும். மண்ணெண்ணெய் கலந்தது என்று தெரிந்தால் தவறு என்றா சொல்வார்கள்? விஷம் வைத்தாள் என்பார்கள். கல்யாண வீட்டில் யாருக்காவது வாந்தி வந்தால் அந்தப் பேச்சு எபுனின் பிள்ளைகள் காலம் வரைக்கும் போகும்.

காங்கோ கிராஸ் தாண்டி மேடு ஏறும்போது கோயில் மணி கேட்டது. ஆராதனை முடிந்துவிட்டது. அவர்களுக்கு முன்னால், ரிப்பன் கட்டிய கார்கள் வரிசையாக ஹார்ன் அடித்துக்கொண்டு மண்டபத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

"முந்து" என்றாள் இயாமிடே.

"மணப்பெண் வண்டியையா? பாவம்மா அது!"

"முந்துடா!"

சோரி முந்தினான்.

மண்டபத்தின் பின்புறம் சமையல் கொட்டகை. விறகடுப்புப் புகை. அவள் இறங்கியதும் முதலில் கேட்டது கிளாரிஸின் குரல்தான். ஜெனரேட்டர் ஆளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சனியனைத் தள்ளி வைன்னு எத்தனை தடவை சொல்றது? கொட்டகை பூராவும் மண்ணெண்ணெ நாறுது!"

"இது டீசல்ல ஓடுதும்மா!"

"எதுல ஓடினா எனக்கென்ன? நாறுதா இல்லையா?"

இயாமிடேயின் கால் அங்கேயே நின்றுவிட்டது. ஆக, உண்மைதான். கொட்டகைக்குள் இரண்டு பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளில் பாகைக் கலந்துவிட்டிருந்தார்கள். பக்கத்தில் திறக்காத கேன்கள் சில, காலியானவை சில. எல்லாம் ஒரே மஞ்சள். எது ரமாட்டுவினுடையது என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை. அது ஊற்றப்பட்டுவிட்டதா? ஊற்றியிருந்தால் எந்தத் தொட்டியில்?

கிளாரிஸ் திரும்பினாள். எதிரே இயாமிடே: கலைந்த தலை, மண் படிந்த கவுன், கையில் சுருட்டிய தலைத்துணி. மேலும் கீழும் பார்த்தாள்.

"வாங்க அண்ணி. யாரோடயாவது மல்யுத்தம் போட்டுட்டு வர்றீங்களா?"

"கிளாரிஸ், ஒரு கேன் கெட்டது. மண்ணெண்ணெக் கேன். தெரியாம ஊத்திட்டேன்."

கிளாரிஸின் முகத்தில் கேலி அப்படியே நின்று, மெல்ல வடிந்தது. "எது?"

"அதான் தெரியல."

"தெரியலையா? உலகத்துக்கே மோந்து சொல்ற மூக்கு. மோந்து பாரு! சீக்கிரம்!" தொட்டிப் பக்கம் அவளைத் தள்ளினாள்.

இயாமிடே குனிந்தாள். பழக்கம். மூச்சை இழுத்தாள். சமையல் பெண்கள் எல்லோரும் கரண்டியை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். இரண்டில் ஒன்றைக் கை காட்டிவிடலாம். பாதிக்குப் பாதி. சரியாக இருந்தால் மூக்கு தப்பித்தது. அந்த நினைப்பு வந்ததே அவளுக்கு அசிங்கமாக இருந்தது. வாசலில் ஹார்ன் சத்தமும் பாட்டும் நெருங்கிவிட்டன.

நிமிர்ந்தாள். "எனக்கு வாசனை தெரியாது, கிளாரிஸ். மழைக்காலக் காய்ச்சலோட போயிருச்சு. ஒண்ணுமே தெரியாது. நீ பாத்துச் சொல்லு."

கிளாரிஸ் அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"அப்போ அன்னியிலேர்ந்து அனுப்புனதெல்லாம்?"

"கண்ணாலயும் காதாலயும் காய்ச்சினது."

கிளாரிஸ் அவளை விலக்கிவிட்டு முன்னால் வந்தாள். முதல் தொட்டியில் முகத்தை வைத்தாள். இரண்டாவது தொட்டிக்குப் போனாள். முகம் சுளித்துப் பின்வாங்கினாள். "இதுதான். ஐயோ, இவ்வளவு நேரம் அந்தப் பாவி ஜெனரேட்டரைத் திட்டினேனே!" பிறகு திறக்காத கேன்களை ஒவ்வொன்றாகத் திறந்து மோந்தாள். "இது நல்லது. இதுவும் நல்லது. இந்தத் தொட்டியைக் கீழ கொட்டுங்கடி!"

சமையல் பெண் ஒருத்தி கையைப் பிசைந்தாள். "அம்மா, மேடைக்கு வைக்கச் சொன்னீங்களே. முதல் தட்டு இந்தத் தொட்டியிலேர்ந்துதான் எடுத்தேன். வாழ்த்துச் சொல்றதுக்கு டம்ளர்ல ஊத்தி வச்சாச்சு."

இயாமிடே ஓடினாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. கார்கள் வந்து சேர்ந்து, எபுனும் மாப்பிள்ளையும் மேடையில் உட்கார்ந்தாயிற்று. மாப்பிள்ளையின் தாய்மாமன், தடித்த மனிதர், டம்ளரைக் கையில் தூக்கிக்கொண்டு வாழ்த்துப் பேச்சைத் தொடங்கியிருந்தார். மேடையில் எல்லோர் கையிலும் டம்ளர். எபுனின் டம்ளர் மார்பளவுக்கு உயர்ந்திருந்தது.

"யாரும் குடிக்காதீங்க!"

பாட்டுக்காரர்கள்கூடத் திரும்பினார்கள். தலை கலைந்த ஒரு பெண் நடுவழியில் மேடையை நோக்கி வருவதை மண்டபம் முழுக்கப் பார்த்தது. அவள் மேடையேறி, முதலில் எபுனின் கையிலிருந்த டம்ளரை வாங்கினாள். அடுத்து தாய்மாமனுடையதை. அவர் விடவில்லை, இருவரும் ஒரே டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஐயா, விடுங்க. இது என் கையால செஞ்ச இஞ்சி. கெட்டுப் போச்சு. மண்ணெண்ணெ கலந்திருக்கு. தப்பு என்னோடது, வேற யார் மேலயும் இல்ல. நல்லது உள்ள இருக்கு, இப்ப வந்துரும்."

அவர் டம்ளரை மூக்கருகே கொண்டுபோனார். சட்டென்று கையை விட்டார். முன்வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்து பின்னால் பரவியது. மெட்ஸ்கர் அம்மா எழுந்து நின்றாள். அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

அப்போது பின்வாசலிலிருந்து கிளாரிஸின் குரல் வந்தது. மைக் தேவைப்படாத குரல். "மாமா! உங்க பேச்சை இன்னும் கொஞ்சம் நீட்டுங்க. குறைச்சலா நீட்டுவீங்கன்னு யாரும் பயப்படல, அதுக்குள்ள நாங்க டம்ளரைக் கழுவிருவோம்!"

மாப்பிள்ளை வீட்டுப் பக்கம்தான் முதலில் சிரிப்பு கிளம்பியது. அவர் பேச்சு எவ்வளவு நீளும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். தாய்மாமனும் தோளைக் குலுக்கிச் சிரித்துவிட்டு, மாப்பிள்ளை பிறந்த நாளிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

கொட்டகையில் இயாமிடே டம்ளர்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கிளாரிஸ் ஒவ்வொன்றாக வாங்கி மோந்து, சில டம்ளர்களைத் திருப்பிக் கொடுத்தாள். பாகு குறைந்துபோனதால் புட்டிங்குக்கு ஊற்ற வைத்திருந்ததையும் எடுத்துக் கலந்தார்கள். விருந்தாளிகள் வெறும் புட்டிங்கைச் சாப்பிட்டார்கள். இஞ்சி பீர் மேடைக்குப் போனபோது தாய்மாமன் மாப்பிள்ளையின் கல்லூரிப் படிப்பு வரைக்கும்தான் வந்திருந்தார்.

மெட்ஸ்கர் அம்மா கடைசியில் வந்தாள். "என் பொண்ணு வாய் வரைக்கும் போயிருச்சு, இயாமிடே" என்றாள். "நீ வந்து நிறுத்தினது பெரிசுதான். ஆனா எனக்கு மனசு ஆறல." அவளுடைய இளைய மகள் கல்யாணத்துக்கு வேறு இடத்தில் சொன்னாள். இன்னும் சில வீடுகளும் அப்படியே போயின. ரமாட்டு கொஞ்ச நாள் வேலிப் பக்கமே வரவில்லை. இயாமிடேதான் அவள் வீட்டு வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டாள்.

உரலைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு சனிக்கிழமை கிளாரிஸ் வந்தாள், கூடவே மூடிய பாத்திரத்தில் கீரைக்குழம்பும் மரவள்ளிக் களியும். உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒரு ஞானஸ்நான வீடு வந்திருக்கு. பாகு வேணும். நீ காய்ச்சு, நான் மோந்து சொல்றேன்."

"உனக்கு எதுக்கு இந்த வேலை?"

"நீ காய்ச்சாட்டா நான் எவகிட்டயோ சர்க்கரைத் தண்ணி வாங்கி வைக்கணும். என் சோத்துக்கு அவமானம்." பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அன்னிக்குத் தொட்டிக்கு முன்னாடி நின்னு 'தெரியாது'ன்னு சொன்ன பாரு. அண்ணன் விஷயத்திலயும் உனக்கு நிஜமாவே தெரியாமத்தான் இருந்திருக்கும்னு அப்பத்தான் எனக்குத் தோணிச்சு. நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

இயாமிடே அழவில்லை. பாத்திரத்தை வாங்கி இரண்டு தட்டில் பரிமாறினாள். குழம்பில் உப்பும் காரமும் தெரிந்தன. "நல்லா இருக்கு" என்றாள்.

"பொய் சொல்லாதே, உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் கிளாரிஸ்.

அடுத்த மழை வந்தது. ஞானஸ்நானம் ஒன்று, அடக்கம் இரண்டு, ஒரு நிச்சயம் என்று மெல்ல மெல்ல அடுப்பு எரிந்தது. கிளாரிஸ் சட்டிக்கு மேல் மூக்கை நீட்டிக்கொண்டு, "இன்னும் பச்சை... இன்னும் பச்சை... இப்ப இறக்கு" என்பாள். ஒருநாள் இயாமிடே இடித்த இஞ்சியைத் துணியில் பிழிந்துகொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு எழுந்தாள்.

"கிளாரிஸ், இங்க வா. இந்த இஞ்சி அழுகல். ஈரத்துணி எரிஞ்ச மாதிரி நாறுது."

கிளாரிஸ் வந்து குனிந்தாள். ஒரு கை எடுத்து நன்றாக மோந்தாள். "புது இஞ்சி. நல்ல வாசனை. உனக்கென்ன பைத்தியமா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். "என்ன சொன்னே? உனக்கு நாறுதா?"

"பயங்கரமா."

"இன்னொரு தடவை மோந்து பாரு."

இயாமிடே குனிந்து மூச்சை இழுத்தாள். எரிந்த துணியின் நாற்றம் மூக்கில் குத்தியது. மூக்கைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையிலும் அதே நாற்றம்.

"சகிக்க முடியல" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் குனிந்தாள்.